முகம் கேட்கிற போன்

எங்கள் வீட்டில் இரண்டு போன்கள் இருந்தன. இரண்டுக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லை. ஒன்றின் சாஜர் மற்றதற்குப் பொருந்தாது. ஒன்றில் எடுத்த படத்தை மற்றதற்கு அனுப்புவதென்றால் நடுவில் வட்ஸ்அப் என்ற தரகர் வேண்டும். என் கணவருடையது ஐபோன். ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் ஒரே மகள், தான் பாவித்து முடித்ததை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியது. என்னுடையது அன்ட்ரொய்ட். கச்சேரி என்கிற அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற கையோடு, திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு போன் கடையில் நானே போய் வாங்கியது. மகள் ஐபோனை அப்பாவுக்குத்தான் அனுப்பினாள், அம்மாவுக்கு அல்ல என்பதை நான் சொல்லிக்காட்டாத நாள் குறைவு.

அவர் துறைமுகத்தில் லோஞ்ச் என்கிற சிறு எஞ்சின் படகு ஓட்டியவர். உள்ளே வருகிற கப்பல்களுக்கு வழிகாட்டும் அதிகாரிகளைக் கொண்டுபோய் ஏற்றிவிடுவதும், கப்பல் வெளியேறும்போது இறக்கிக் கொண்டுவருவதும்தான் வேலை. அந்த வேலை பார்த்தவருக்கு எல்லாம் அதனதன் இடத்தில் நிற்க வேண்டும். செருப்பு, குடை, பேப்பர், நான். ஐபோன் அவருக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான். அதில் எதுவும் தானாக இடம் மாறாது, தேவையில்லாத விளம்பரம் எதுவும் முன்னால் வந்து குதிக்காது. என் போனை எடுத்தால் இரண்டு நிமிடத்தில் எங்கேயோ ஒரு விளம்பரத்துக்குள் போய் மாட்டிக்கொண்டு திருப்பித் தருவார். எனக்கு அவருடையதில் அதே பாடு. என் போனில் கீழே ஒரு அம்புக்குறி இருக்கும், தொட்டால் வந்த வழியே திரும்பலாம். அவருடையதில் அது இல்லை. இல்லாத இடத்தைத் தொட்டுத் தொட்டு எரிச்சல்படுவேன். திரும்பிப்போக வழி வைக்காத போனை எந்தப் புத்திசாலி செய்தான் என்று கேட்பேன்.

மின்சாரம் மணிக்கணக்காக நிறுத்தப்பட்ட அந்தக் காலத்தில் மட்டும் என் பக்கம் காற்று வீசியது. என் போன் ஒருமுறை சாஜ் ஏற்றினால் அடுத்த நாளும் தாங்கும். அவருடையது பழசு, மத்தியானத்துக்கு முன்னமே கண்ணை மூடிவிடும். கையில் அதை வைத்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நிற்பார். ஐபோன் துரைக்குப் பசி வந்துவிட்டதாக்கும் என்பேன். போய் விறாந்தைக் கதிரையில் இருந்து கடலைப் பார்ப்பார்.

ஆனால் பூட்டு விஷயத்தில் வெற்றி அவருடையது. என் போனுக்குப் பின்னால் விரல் வைக்கிற இடம் ஒன்று உண்டு. வாங்கின அன்றே அது என் விரலை ஏற்கவில்லை. கடைக்காரர் துடைத்துத் துடைத்து மற்ற விரல்களையும் வைத்துப் பார்த்துவிட்டு, ரேகை தேய்ந்துபோச்சு அக்கா என்றார். வேலைக் காலமெல்லாம் கோப்புப் புரட்டியது, மீன் கழுவியது, புளி கரைத்தது, எல்லாம் சேர்ந்து தேய்த்திருக்க வேண்டும். அதனால் புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டுத்தான் திறப்பேன். ‘ட’ எழுத்து. எங்கள் ஒழுங்கையில் அது தெரியாதவர் இல்லை. அவருக்கோ போனைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தால் போதும். கண்ணாடி போட்டாலும் திறக்கும், சவரம் செய்யாவிட்டாலும் திறக்கும்.

"என்ர போன் என்னை அறியும். உம்மட போனுக்கு நீர் ஆரெண்டே தெரியாது" என்பார்.

அவருக்குத் தமிழில் தட்டி எழுதப் பொறுமையில்லை. எதுவானாலும் குரலில்தான் அனுப்புவார். காலையில் மீன் வாங்கப் படகு கட்டுகிற ஜெட்டிப் பக்கம் போனால் அங்கே நின்று ஒரு குரல். பாரை வந்திருக்கிறது, துண்டாக எடுக்கவா முழுசாக எடுக்கவா. மருந்துக் கடையில் நின்று ஒரு குரல். லோஞ்சில் இருந்த காலம் முழுவதும் ரேடியோவில் கதைத்த பழக்கம் விடவில்லை. நிறுத்தி நிறுத்திக் கதைப்பார். சொன்னதை இன்னொருமுறை சொல்வார். கடைசியில் "ஓவர்" என்பார். பாரை மீனுக்கும் ஓவர், பனடோலுக்கும் ஓவர். பின்னால் காகம், படகு எஞ்சின், யாரோ விலை கூவுவது எல்லாம் கேட்கும்.

என் போனில் இடம் எப்போதும் போதாது. இடம் நிரம்பிவிட்டது என்று அது முறைப்பாடு வைக்கும்போதெல்லாம், முதலில் அவருடைய குரல்களைத்தான் அழிப்பேன். அவைதான் நீளம். கேட்டாகிவிட்டது, மீனும் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டாகிவிட்டது, இனி அதை வைத்து என்ன செய்ய. மகளின் வீட்டுப் படங்கள், பனி கொட்டின படங்கள், யாருடையதோ கலியாண வீட்டுப் படங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன.

ஒருநாள் காலை அவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது விழுந்தார். பாரிசவாதம். வலது கையும் காலும் போயின. வாய் ஒரு பக்கமாக இறங்கியது. வலது கன்னம் தொங்கி, அந்தப் பக்கக் கண் பாதி மூடியே இருந்தது. பேச்சு முழுவதும் போய் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. ஓம். சிலருக்கு அப்படி ஏதாவது ஒரு சொல் தங்கிவிடும் என்று வைத்தியர் சொன்னார். பசிக்கிறதோ என்றால் ஓம். பசிக்கவில்லையோ என்றாலும் ஓம். நோகிறது என்பதற்கும் ஓம், என்னைத் தொந்தரவு செய்யாதே என்பதற்கும் ஓம். வாழ்க்கை முழுவதும் நான் சொன்ன எதற்கும் இலேசில் ஓம் சொல்லாத மனிதர். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன எனக்கு.

ஆஸ்பத்திரியில் கொஞ்சம் தெளிந்ததும் இடது கையால் அவர் காட்டியது தண்ணீரை அல்ல, என்னை அல்ல, போனை. முகத்துக்கு நேரே பிடித்தேன். அது திறக்கவில்லை. திரையில் அந்தச் சின்னப் பூட்டு தலையை ஆட்டியது. கட்டிலைச் சாய்த்து, வெளிச்சம் பார்த்து, திரும்பவும் பிடித்தேன். திரும்பவும் தலையை ஆட்டிவிட்டு இலக்கம் கேட்டது. அந்த இலக்கம் அவருக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. நான் என் பூட்டை ஊருக்கே காட்டி வைத்திருந்தவள். அவர் தன்னுடையதை எனக்கும் சொல்லவில்லை. ஒளித்து வைக்க எதுவும் இருந்ததென்று நான் நினைக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கே அந்த இலக்கம் நினைவில் அல்ல, வலது கைப் பெருவிரலின் பழக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். இடது விரலைத் திரைக்கு மேலே பிடித்துக்கொண்டு எங்கே இறக்குவதென்று தெரியாமல் இருந்தார். கடதாசியில் இலக்கங்களைப் பெரிதாக எழுதிக் காட்டினேன். ஒருமுறை ஒன்றைத் தொட்டார், அடுத்தமுறை வேறொன்றை. பிறகு நானே ஊகித்துப் போட்டுப் பார்த்தேன். அவர் பிறந்த நாள், மகள் பிறந்த நாள், எங்கள் கலியாண நாள், அவர் ஓட்டின லோஞ்சின் இலக்கம். ஒவ்வொரு பிழைக்கும் போன் இன்னும் கொஞ்சம் பொறு என்றது. மகள் வீடியோவில் பார்த்துப் பதறி, இனித் தொடாதேங்கோ அம்மா, ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டுவிடும் என்றாள். அதோடு விட்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் என் பிரச்சினை தொடங்கியது. ஒருநாள் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. முன்னர் அவர் என்னை எப்படிக் கூப்பிடுவார் என்று நினைத்துப் பார்த்தேன். "இஞ்சேரும்" என்ற சொல் நினைவிருந்தது. சத்தம் வரவில்லை. இத்தனை வருடம் கேட்ட சத்தம் காதுக்குள் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போனை எடுத்து மேலும் கீழும் தேடினேன். அவர் குரல் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் நானே ஒழுங்காகத் துப்புரவு செய்து வைத்திருந்தேன்.

போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் கிண்ணியாக்காரர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். இந்த ஊரில் பாதிப்பேருக்குப் போன் விற்றவரும் திருத்துபவரும் அவர்தான். அன்ட்ரொய்ட் என்றால் உள்ளே இருக்கிற பெட்டிகளைத் திறந்து பார்க்கலாம் அக்கா, சில வேளை எதுவும் மிஞ்சியிருக்கும் என்று கணினியில் மாட்டித் தேடினார். மிஞ்சித்தான் இருந்தது. குரல்கள் ஒரு வரிசையாக வந்தன. ஒவ்வொன்றாகப் போட்டார். தேங்காய் மறந்துபோடாதேங்கோ. எங்க நிக்கிறியள். மழை வருது, குடை கொண்டுபோனியளோ. எல்லாம் நான். நான் அனுப்பியவற்றை அழிக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லைப் போலும். கேள்வியெல்லாம் என் போனில் இருந்தது. பதிலெல்லாம் அவருடைய போனுக்குள் இருந்தது, அந்தப் பூட்டுக்குப் பின்னால்.

அவருடைய போனைக் காட்டினேன். எங்கள் ஊரில் ஐபோன் கைக்கு வந்தால் அதற்கு ஒரு கணக்குத் திறக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. கடைக்குக் கொண்டுபோவோம், அவர் தொட்டுத் தொட்டு ஏதோ செய்து தருவார், சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வருவோம். அந்தக் கணக்குக்குக் கடவுச்சொல் என்ன என்று அன்றுதான் கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சொன்னார். தான் திறந்து கொடுக்கிற எல்லாருக்கும் ஒரே சொல்தானாம். ஆட்கள் மறந்துபோய்த் திரும்பி வருவார்கள், அதனால் தனக்கு வசதியாக ஒன்றையே போடுவாராம். வங்கி முகாமையாளருக்கும் அதுதான், மீனுக்கு ஐஸ் விற்கிற வாடிக்காரருக்கும் அதுதான். ஊர் முழுவதற்கும் ஒரே திறப்பு. ஆனால் அது அந்தப் பூட்டைத் திறக்கிற திறப்பு இல்லை.

"அக்கா, இந்தச் சொல்ல வெச்சு முழுசா அழிச்சிட்டுப் புதுசா ஆக்கித் தரலாம். அண்ணன் பாவிக்கலாம். ஆனா உள்ளுக்க இருக்கிற குரல் ஒண்டும் மிஞ்சாது. கணக்குல ஏதும் சேமிச்சிருக்கான்னும் பாத்துட்டன். இடம் எப்பவோ நிரம்பிட்டு. படம் கொஞ்சம் வரும். குரல் வராது."

வேண்டாம் என்றேன். போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். என்றைக்காவது அவருக்கு அந்த இலக்கம் நினைவு வரும், அன்றைக்கு எல்லாம் கேட்கலாம் என்று வைத்துக்கொண்டேன். மகள் வேறு போன் வாங்கிக் கொடுங்கோ என்றாள். என்னுடையதைப் போலவே ஒரு அன்ட்ரொய்ட் வாங்கிக் கொடுத்தேன். ஒருமுறை பார்த்துவிட்டு இடது கையால் மேசையின் மறுபக்கத்துக்குத் தள்ளினார். நோயிலும் கட்சி மாறவில்லை.

காலையில் அவரைக் குளிப்பாட்டி விறாந்தைக் கதிரையில் இருத்துவேன். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் தன் போனை இடது கையால் எடுத்து முகத்துக்கு நேரே தூக்குவார். ஆஸ்பத்திரியில் சாஜ் இறங்கி அணைந்து எழும்பியதிலிருந்து அது முகத்தைப் பார்க்கவே முயலவில்லை, நேரே இலக்கத்தைத்தான் கேட்டது. இதை அவருக்கு எத்தனையோ தரம் சொன்னேன். ஓம் என்றார். அடுத்த நாளும் தூக்கினார். கொஞ்ச நேரம் பிடித்திருப்பார். பிறகு மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடலைப் பார்ப்பார். நான் குசினியில் பாத்திரத்தோடு சத்தம் எழுப்பிக்கொண்டு, பார்க்காத மாதிரி இருப்பேன். மகள் கேட்டால் அப்பா நல்லாயிருக்கிறார் என்பேன். மழைக்காலம் வந்து போனது. சல்லிப் பக்கம் அம்மன் கோயில் பொங்கலும் வந்து போனது. நாங்கள் போகவில்லை.

ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க வந்தவள் கதவடியில் நின்றுவிட்டேன். அவர் போனைக் கையில் பிடித்திருக்கவில்லை. எதிரே பூச்சாடியில் சாய்த்து வைத்திருந்தார். இடது கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோய், தொங்குகிற வலது கன்னத்தை உள்ளங்கையால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, போனுக்கு முன்னால் குனிந்திருந்தார். பெருவிரலால் கண் இமையையும் தூக்கியிருந்தார். பழைய முகத்தைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். போன் இலக்கம் கேட்டபடியே இருந்தது. கையை எடுத்தார். கன்னம் இறங்கியது. மறுபடியும் தூக்கிப் பிடித்தார்.

எனக்கு அதற்கு மேல் நிற்க ஏலவில்லை. அறைக்குள் போய் அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை, ஆனால் நானும் இத்தனை மாதமாக அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன். பழைய ஆளைக் கொண்டுவா என்று.

அன்றே ஓட்டோ பிடித்து இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் வெளியே வந்து தாங்கி இறக்கிக் கதிரையில் இருத்தினார். அழிப்பதற்கு அண்ணனுக்குச் சம்மதமா என்று கேட்டார். நான் அவருக்கு முன்னால் குனிந்து நின்று கேட்டேன்.

"இஞ்சேருங்கோ. இதை அழிச்சால் நீங்கள் கதைச்சதெல்லாம் போயிடும். மீன் வாங்கினது, மருந்து வாங்கினது, ஒண்டும் திரும்பி வராது. அழிக்கட்டோ?"

"ஓம்."

"இல்லாட்டி இப்பிடியே வைச்சிருப்பமோ?"

"ஓம்."

கடைக்காரர் தலை குனிந்துகொண்டார். எந்தப் பக்கம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும் என்று எனக்குத் தெரியாதா. இருந்தும் கேட்டேன். நான் இன்னொருமுறை வாயெடுக்கும் முன்னம் அவர் என் கையிலிருந்த போனை வாங்கினார். கண்ணாடி மேசையில் வைத்து, ஒரு விரலால் கடைக்காரர் பக்கம் தள்ளினார். நான் வாங்கிக் கொடுத்த அன்ட்ரொய்டைத் தள்ளின அதே இடது கை. பிறகு அந்த விரலைத் தன் தொங்கின கன்னத்தில் வைத்துக் காட்டினார். அவருக்கு வேண்டியது உள்ளே இருந்த குரல் அல்ல. அது எனக்கு வேண்டியது.

அழியுங்கோ என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். எதிர்ப் பக்கத்தில், இந்த ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று பஸ் நிலையக் குப்பையில் கடதாசிப் பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது. மூதூர் பஸ் ஹோர்ன் அடித்தும் அது விலகவில்லை. உள்ளே ஜெட்டியும் காகமும் பாரையும் ஓவரும் போய்க்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நான் கேட்கவில்லை.

கூப்பிட்டபோது உள்ளே போனேன். போன் புதுசாக எழும்பி, முகம் காட்டச் சொன்னது. கடைக்காரர் அதை அவருக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, தலையை மெதுவாக வட்டமாகத் திருப்புங்க அண்ணன் என்றார். அவர் கையைத் தூக்கிக் கன்னத்துக்குக் கொண்டுபோனார். நான் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தேன். இந்த முகத்தை ஏற்காவிட்டால் என்ன செய்வேன். அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். திரையில் பச்சைக் கோடுகள் சுற்றிவர ஒவ்வொன்றாக ஏறின. வட்டம் நிறைந்தது. அதற்கு ஒரு தடங்கலும் இல்லை. முன்னால் எந்த முகம் இருந்ததோ அதை எடுத்துக்கொண்டது. கடைக்காரர் வட்ஸ்அப்பையும் ஏற்றி, புது இலக்கத்தை எனக்குக் கடதாசியில் எழுதித் தந்து, போனைப் பூட்டி அவர் கையில் கொடுத்தார். அவர் தூக்கினார். திறந்தது. பூட்டித் திரும்பவும் தூக்கினார். திறந்தது. பாதி வாயால் சிரித்தார்.

அடுத்த நாள் காலை நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது என் போன் சத்தம் போட்டது. ‘ட’ போட்டுத் திறந்தேன். விறாந்தையிலிருந்து அவர் ஒரு குரல் அனுப்பியிருந்தார். முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் காகம். பிறகு, ஓம். அதற்குப் பிறகும் அவர் விரலை எடுக்கவில்லை. ஓவர் சொல்லுகிற இடம் வெறுமையாக ஓடி முடிந்தது.

இப்போது நாள்தோறும் ஒன்று வருகிறது. எதற்கு ஓம் என்று எனக்குத் தெரிவதில்லை. எட்டிப்பார்த்து என்ன வேணும் என்று கேட்டால் இன்னொரு ஓம். நேற்று என் போன் வழக்கம்போல இடம் நிரம்பிவிட்டது என்றது. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, கலியாண வீட்டுப் படங்களை அழித்தேன். மகளின் பனிப் படங்களை அழித்தேன். அது இன்னும் கேட்டது. கடைக்காரர் தேடி எடுத்துத் தந்த என் குரல்களையும் ஒவ்வொன்றாக அழித்தேன். அவருடையதில் கை வைக்கவில்லை.